இடிந்த பள்ளியும் ஒரு பாடம்
ராசிங்காபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் களப்பயணம் சென்றபோது, அங்குள்ள இடிந்த பள்ளிக் கட்டடத்தையே மாணவர்களுக்குப் பாடமாக்கினேன். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊர் அழிந்தது. பின்னர் அது வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. எஞ்சிய சுவர்களில் பவளப்பாறைக் கற்கள் தெரிகின்றன. மலையடிவாரத்தில் கருங்கல், கடலோரத்தில் பவளக்கல். கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள் என்பதை மாணவர்களே ஒப்பிட்டுச் சொன்னார்கள்.

ஆனால் அங்கே யார் படித்தார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. சேர்க்கைப் பதிவேடுதான் சொல்லும். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் அதில்தான் உள்ளன. மாற்றுச் சான்றிதழைத் தொலைத்தவருக்கு அதுவே ஆதாரம். உங்கள் பகுதியில் மூடப்பட்ட பள்ளி இருந்தால், அதன் பதிவேடு இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். கரையான் அரிப்பதற்குள் அதைப் பாதுகாப்பது நம் கடமை.