பிரசவத்துக்குப் பிறகு யார் தேடுவார்கள்?

மாநகரமும் பெண்களும் – 9

சென்னையில் ஒரு பெண் கருவுற்றால், சில வாரங்களிலேயே அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பகுதியின் நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் பெயரைப் பதிவு செய்கிறார். கர்ப்பிணியையும் குழந்தையையும் அரசு பின்தொடர உதவும் ‘பிக்மி’ எண் ஒன்று கிடைக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அதை வாங்கியாக வேண்டும்; அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதன்பின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. பரிசோதனைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் உண்டு.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்காக, மருத்துவர் மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885-ல் உருவானதுதான் பிறகு திருவல்லிக்கேணியில் நிலைகொண்ட கோஷா ஆஸ்பத்திரி. 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது. அந்த உதவி இன்று ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு தவணை தவணையாகத் தருவதால், பணமே பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துவருகிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று விசாரித்துப் பதிவு செய்கிறார்கள்.

பலன் கண்கூடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவிகிதம் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. அரசு ஒரு பெண்ணைத் தேடிப் போனால் அவள் பிழைக்கிறாள். இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

பிள்ளை பெற்று, தடுப்பூசி அட்டையும் நிரம்பிய பிறகு அதே பெண்ணை யார் தேடுகிறார்கள்?

நாற்பது வயதில்

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவிகிதம். இந்திய அளவில் 1.9 சதவிகிதம்தான் என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் விடுபட்டுப் போன முன்னணி இது.

பரிசோதனை ஒன்றும் பெரிய காரியமல்ல. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பார்க்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது உயிர் காக்கும் என்று நம் மண்ணிலேயே நிரூபித்தும் ஆயிற்று. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்து தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததில், இந்தப் புற்றுநோயால் நேரும் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. அடுத்து தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டம் நடத்தி, மாநிலம் முழுக்க விரிவாக்கியது.

ஆகவே வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. சிக்கல் தொடர்ச்சியில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சந்தேகம் வந்தால், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்’ என்று சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டோடு அவள் போனாளா, போன இடத்தில் என்ன சொன்னார்கள் என்று பின்தொடர, கர்ப்பிணிக்கு இருக்கும் அளவுக்கு இறுக்கமான ஏற்பாடு அவளுக்கு இல்லை.

வேலைநேரமும் முகவரியும்

மாநகரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வகுத்தது. நகரத்து ஏழைகளின் வேலைநேரத்தை எண்ணி, மாலையிலும் மருத்துவர் இருக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல எண்ணம். ஆனால் மாலையில் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைத்தால் மட்டும் போதாது. மறைவான அறையும் பயிற்சி பெற்ற பெண் செவிலியரும் அந்த நேரத்தில் இருந்தால்தான் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை எட்டும்.

கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் வாழும் இடங்கள் அவை. பெண்களில் பலர் பழைய பகுதிகளிலேயே வீட்டுவேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள். பகலில் செவிலியர் கதவைத் தட்டும்போது வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போகும். வலியும் ரத்தப்போக்கும் தாங்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடுகிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அந்த அட்டை பலரைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்த பிறகே கைகொடுக்கும். நோய் முற்றியபின் லட்சங்களைச் செலவிடும் அரசு, முற்றும் முன் சில நிமிடப் பரிசோதனைக்கு அவளை அழைத்துவர அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை மகப்பேற்றுத் திட்டத்துக்கு வைத்திருக்கிறோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவரால்தான். அவர் பெயரோடு சேர்ந்தே இருக்கும் மகப்பேறு, புற்றுநோய்த் தடுப்பு இரண்டையும் நம் கொள்கையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.

இதற்குப் புதிய துறை வேண்டாம். பிக்மி எண்ணைப் பிரசவத்தோடு மூடிவிடாமல், முப்பது வயதிலும் அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம். பரிசோதனைக்கு வரும் நாளின் கூலியை, மகப்பேற்று நிதியைப் போலவே வங்கிக் கணக்கில் போடலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் ஒவ்வொரு சாவையும் தாய் மரணத்தைப் போலவே விசாரித்து, எந்த இடத்தில் கைவிட்டோம் என்று பதிவு செய்யலாம். ஒன்பது மாதத்துக்குச் செய்யத் தெரிந்த அரசுக்கு, மிச்சமுள்ள நாற்பது ஆண்டுக்கும் செய்யத் தெரியும். அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

(தொடரும்)

அடுத்த வாரம்: 26 வாரப் பேறுகால விடுப்பு – எந்தப் பெண்களுக்கு எட்டுகிறது, எவருக்கு எட்டவில்லை?