கோச்சுக்கு அடுத்த வேலை ரெடி. இந்திய கால்பந்து அணிக்கு அடுத்த வாய்ப்பு எப்போது?
திருவண்ணாமலை டீக்கடையில் சூடான விவாதம்!

திருவண்ணாமலை:

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி. வைகாசி பவுர்ணமி. கிரிவலம் வந்த கூட்டத்தால் திருவண்ணாமலை நகரம் திணறிக் கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. சிறப்பு பஸ்களில் இருந்து இறங்கியவர்கள் எல்லாம் மலையை நோக்கி நடந்து கொண்டிருந்தார்கள்.

அதே மாலைப் பொழுதில், கடல் கடந்த ஹாங்காங் நகரில் இந்திய கால்பந்து அணி ஆடிக் கொண்டிருந்தது. புதிதாகக் கட்டிய கை டாக் ஸ்டேடியம். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள். 2027-ம் ஆண்டு ஆசிய கோப்பைக்குத் தகுதி பெறுவதற்கான ஆட்டம் அது. இந்தியா, ஹாங்காங், சிங்கப்பூர், வங்காளதேசம் என்று ஒரே பிரிவில் 4 அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு அணிக்குத்தான் டிக்கெட். மற்ற மூன்றும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

90 நிமிடம் முடிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரமும் முடியப் போகிற சமயம். கோல் கீப்பர் விஷால் கைத் பந்தைத் தடுக்கப் பாய்ந்தார். எதிரணி ஆட்டக்காரர் மீது மோதினார். பெனால்டி! ஹாங்காங் 1, இந்தியா 0. ஆட்டம் அவ்வளவுதான்.

கோல் வாங்கியது ஒரு நிமிடம். அதன் பிறகு ஆடிப்போனது இந்திய கோச்சின் நாற்காலி. 22 நாள் கழித்து, ஜூலை 2-ந் தேதி, செய்தி வெளியானது. தலைமைப் பயிற்சியாளர் மானோலோ மார்க்கெஸ் போய்விட்டார்!

"இன்னா சார், போயிட்டாரா?"

கால்பந்து கோச் விலகினால் திருவண்ணாமலைக்கு என்ன என்று கேட்கலாம். பெரிய ஸ்டேடியம் உள்ள ஊர் அல்ல இது. கொல்கத்தா மாதிரி, கோவா மாதிரி பந்துக்காக அடிதடி நடக்கும் ஊரும் அல்ல. ஆனாலும் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே பந்தை உதைக்கும் பையன்கள் ஒரு மூலையில் நிச்சயம் இருப்பார்கள். அந்தப் பையன்களின் அப்பாக்கள்தான் மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரிக்கிறவர்கள்.

"இன்னா சார், ஸ்பெயின்காரரு போயிட்டாராமே?"

"போனா இன்னாபா? அவருக்கு இன்னொரு ஆபீஸ் ரெடியா இருக்குது."

இந்த இரண்டாவது பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரே ஆள், இரண்டு சீட்டு

மார்க்கெஸ் சாதாரண ஆள் இல்லை. பார்சிலோனாவில் பிறந்தவர். ஸ்பெயின் முதல் நிலை லீகில் லாஸ் பால்மாஸ் அணிக்குக் கொஞ்ச காலம் கோச்சாக இருந்தார். 2020-ல் இந்தியாவுக்கு வந்தார். ஐதராபாத் எப்.சி. அணியை எடுத்தார். 2021-22 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை அந்த அணிக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு எப்.சி. கோவாவுக்குப் போனார்.

2024 ஜூலை 20-ந் தேதி இந்திய அணியின் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. ஆனால் கோவா வேலையை அவர் விடவில்லை. ஒரு சீசன் முழுக்க இரண்டு வேலையையும் சேர்த்தே பார்ப்பது என்று ஏற்பாடு. தாலுகா ஆபீசில் இதற்கு "கூடுதல் பொறுப்பு" என்பார்கள். ஒரு அதிகாரி இரண்டு நாற்காலி. எந்த நாற்காலியில் எந்த நேரம் இருப்பார் என்று மனு கொடுக்க வந்தவருக்குத்தான் தெரியாது.

கணக்கு என்ன சொல்கிறது? கோவா பக்கம் பளபளப்பு. 2025 மே 3-ந் தேதி புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 3-0 என்று நொறுக்கியது கோவா. இந்திய அணி பக்கம் இருட்டு. அவர் பொறுப்பில் ஆடிய ஆட்டங்கள் 8. வெற்றி ஒன்றே ஒன்று. அதுவும் மாலத்தீவுக்கு எதிராக 3-0. 4 ஆட்டம் டிரா. 3 ஆட்டம் தோல்வி. வங்காளதேசத்தைச் சொந்த மண்ணில், ஷில்லாங்கில் சந்தித்து ஒரு கோல் கூட அடிக்க முடியவில்லை.

2023 ஜூலையில் உலகத் தர வரிசையில் 99-வது இடத்தில் இருந்த இந்தியா, 2025 ஜூலையில் 133-க்குச் சரிந்தது. இரண்டே வருடத்தில் 34 படி கீழே!

கணக்கு தீர்த்தது எப்படி?

இதற்கு முன் இருந்தவர் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாக். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். 2019-ல் இந்தியாவுக்கு வந்தார். 2023-ல் சாப் கோப்பையை வென்று கொடுத்தார். ஆனால் 2024 தொடக்கத்தில் கத்தாரில் நடந்த ஆசிய கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. அடித்த கோல் பூஜ்யம். அந்த மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடமும் அடி. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் இந்தியா வெளியேறியது. ஜூன் 17-ந் தேதி சீட்டு கிழிந்தது.

ஸ்டிமாக் சும்மா போகவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டி மல்லுக்கு நின்றார். கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள். நம் பணத்தில் சுமார் 3 கோடியே 36 லட்சம் ரூபாய்!

அந்தச் சூடு பட்ட கால்பந்து சம்மேளனம் மார்க்கெஸ் விஷயத்தில் உஷாராக நடந்து கொண்டது. இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று அறிவித்தார்கள். மார்க்கெசுக்கும் பெரிய கவலை இல்லை. அடுத்த வேலை எங்கே என்று யாரும் ஜோசியம் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. அதே ஜூலையில் அவர் கோவா அணியிலேயே தொடர்வார் என்று அறிவிப்பு வந்துவிட்டது. பழைய ஆபீஸ், பழைய நாற்காலி.

170 மனு, அதில் போலியும் உண்டு!

காலியான நாற்காலிக்கு 170 பேர் மனு போட்டார்கள். பார்சிலோனாவின் பழைய நட்சத்திரம் சாவியும் மனு போட்டார் என்று ஒரு செய்தி கிளம்பியது. நாடே வாயைப் பிளந்தது. "சம்பளம் கட்டுப்படியாகாது" என்று கூடப் பேச்சு அடிபட்டது. கடைசியில் பார்த்தால் அந்த மெயில் போலி! சாவி பெயரிலும், மான்செஸ்டர் சிட்டி கோச் கார்டியோலா பெயரிலும் வந்த மெயில்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

வடிகட்டியதில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஏற்கனவே இரண்டு முறை இந்திய கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெபான் தார்கோவிச், நம் நாட்டின் காலித் ஜமீல். ஆகஸ்டு 1-ந் தேதி ஜமீலுக்கு வேலை கிடைத்தது. சின்ன அணியான ஐசாலை 2016-17 சீசனில் ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டியவர் அவர். 2012-ல் சாவியோ மெதெய்ராவுக்குப் பிறகு, 13 வருடம் கழித்து ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆரம்பம் அமர்க்களம். மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றார்கள். பலம் வாய்ந்த ஓமனை பெனால்டியில் சாய்த்து மூன்றாம் இடம் பிடித்தார்கள். "நம்ம ஆளு நம்ம ஆளுதான்" என்று பெஞ்சு தட்டப்பட்டது.

அந்தச் சத்தம் அக்டோபர் வரைதான். 9-ந் தேதி சிங்கப்பூரில், ஜிங்கன் வெளியேற்றப்பட்டு 10 பேராக ஆடியும், ரகீம் அலி கடைசி நேரத்தில் கோல் அடித்து 1-1 என்று காப்பாற்றினார். 14-ந் தேதி கோவாவில் 1-2 என்று தோல்வி. ஆசிய கோப்பைக் கனவு கலைந்தது. நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் வங்காளதேசத்திடமும் 0-1. அந்த நாட்டிடம் இந்தியா தோற்று 22 வருடம் ஆகியிருந்தது!

ரகீம் சாருக்கும் இரண்டு வேலை

"அப்போ இரண்டு நாற்காலிதான் தப்பா சார்?" என்று கேட்டால், பழைய ஆட்கள் தலையை ஆட்டி மறுப்பார்கள். காரணம், ரகீம்.

ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரகீம். 1950 முதல் 1963 வரை இந்திய அணியின் கோச். அதே காலத்தில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும் அவரே கோச்! 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் தங்கம். பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் அடித்த கோல்கள். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் அந்த அணியில் இருந்தார்.

ரகீமுக்கு அடுத்த வேலை என்று ஒன்று அமையவே இல்லை. புற்றுநோய் அவரைத் தின்று கொண்டிருந்தது. தங்கம் வாங்கிய அடுத்த வருடம், 1963 ஜூன் 11-ந் தேதி காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடையாது.

ஆக, இரண்டு வேலை பார்த்தது மட்டுமே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரரா, நம்மவரா என்பதும் பிரச்சினை இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

சிங்கப்பூர் சொல்லும் சேதி

பதில் இந்தியாவின் பிரிவிலேயே இருக்கிறது. நம் கோச் விலகிய அதே சமயத்தில் சிங்கப்பூர் கோச்சும் விலகினார். ஜப்பானைச் சேர்ந்த ஒகுரா. 2025 ஜூனில், சொந்தக் காரணம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

சிங்கப்பூர் என்ன செய்தது? அவருக்கு உதவியாளராக இருந்த கேவின் லீ என்ற உள்ளூர் இளைஞரைத் தற்காலிகமாக நாற்காலியில் உட்கார வைத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த முகம். நடந்து கொண்டிருந்த வேலை அப்படியே தொடர்ந்தது. கோவாவில் இந்தியாவை வென்றார்கள். நவம்பரில் ஹாங்காங்கையும் அதன் மண்ணிலேயே வென்று ஆசிய கோப்பைக்கு நடையைக் கட்டினார்கள்.

இரண்டு நாட்டிலும் கோச் போனார். ஒரு நாடு கரையேறியது. இன்னொரு நாடு தண்ணீரில் நின்றது.

நம் பக்கம் அந்த நேரத்தில் நாற்காலி மட்டும் காலியாக இல்லை. நாற்காலி போட்டிருந்த வீடே ஆடிக் கொண்டிருந்தது. லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் போடவில்லை. ஜூலை 11-ந் தேதி, இந்தியன் சூப்பர் லீகை நிறுத்தி வைப்பதாகத் தகவல் போயிற்று. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. நம் சென்னையின் எப்.சி.யும் வேலைகளை நிறுத்தி வைத்தது. கடைசியில் லீக் தொடங்கியது 2026 பிப்ரவரி 14-ந் தேதிதான்.

யோசித்துப் பாருங்கள். சம்பளம் வருமா என்று தெரியாமல், ஆட்டமும் இல்லாமல் இருந்தவர்களை அழைத்துக் கொண்டுதான் ஜமீல் சிங்கப்பூருக்குப் போனார். சமையற்காரரை மாற்றினார்கள்; அடுப்பில் விறகு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மைதானத்து மூலையில்

2027 ஆசிய கோப்பை சவுதி அரேபியாவில். இந்தியாவுக்கு அதில் இடமில்லை. இந்தப் போட்டி நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருவது. 2019, 2023 என்று தொடர்ந்து இரண்டு முறை தகுதி பெற்ற அணி, இனி அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

கோச்சுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு அணி விட்டால் இன்னொரு அணி. ஒரு நாடு விட்டால் இன்னொரு நாடு. அது அவர்கள் பிழைப்பு. அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இன்று 14 வயதில் பந்து உதைக்கும் பையனுக்கு நான்கு வருடம் என்றால் 18 வயது. படிப்பா, பந்தா என்று வீட்டில் கேட்கும் வயது. "இதுல வேலை கிடைக்குமாடா?" என்று அப்பா கேட்டால், லீகே நின்று போன நாட்டில் அவன் என்ன பதில் சொல்வான்?

டீக்கடையில் கிளாசைக் கழுவிக் கொண்டே கடைக்காரர் விவாதத்தை முடித்து வைக்கிறார்.

"மலையைச் சுத்துறவங்க கெளம்புன எடத்துக்கே வந்து நின்னா புண்ணியம். பதினாலு கிலோ மீட்டர் நடந்தாச்சுன்னு அர்த்தம். இவங்க நடக்காமலே அதே எடத்துல நிக்கிறாங்களே சார், அதுக்கு இன்னா பேரு?"

பெஞ்சில் யாரும் பதில் சொல்லவில்லை. வேட்டவலம் பஸ் ஹாரன் அடித்தது. பேப்பரை மடித்துக் கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள்.