விழுந்த பிள்ளையைத் தூக்காதீர்கள்: மைதானத்தில் கழுத்துக் காயம்

போர்க் காலத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பல உயிர்களைக் காப்பாற்றினோம். தோளில், சீலையில், ரக்டர் பெட்டியில், சைக்கிளில் என்று கிடைத்ததில் ஏற்றினோம். அடுத்த எறிகணை விழ முன்னர் அந்த இடத்தை விட்டு நகர்த்துவதே அன்றைய முதலுதவி. வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அந்தப் பழக்கம் இன்றும் எங்கள் கைகளில் இருக்கிறது. வடக்கில் இயன் மருத்துவராக வேலை செய்யும் நான் பாடசாலை மைதானங்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை தலை அடிபட விழுந்தவுடன் நான்கு பேர் ஓடிப்போய்க் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்குகிறார்கள். மைதானத்தில் எறிகணை வராது. அங்கே பொறுத்திருக்க நேரம் இருக்கிறது.

ஏன் தூக்கக் கூடாது? கழுத்தில் 7 முள்ளென்புகள் உள்ளன. அவற்றின் நடுவே முண்ணாண் செல்கிறது. கை, கால்களை அசைக்கும் கட்டளைகளும், சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளும் அதன் வழியாகவே போகின்றன. மூச்சுக்கான பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பும் கழுத்திலிருந்தே புறப்படுகிறது. எலும்பு உடைந்தாலும் முண்ணாண் தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் தலை தொங்கத் தூக்கினால் உடைந்த எலும்பு நகர்ந்து முண்ணாணை நசுக்கக்கூடும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் உறவுகளை அறிந்த எங்களுக்கு, அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

உதைபந்தாட்டத்தில் தலையால் அடிக்கப் பாய்ந்து இருவர் மோதும்போதும், கபடியில் ஒருவர்மேல் பலர் விழும்போதும் கழுத்து அடிபடலாம். மிகவும் ஆபத்தானது, ஆழம் தெரியாத குளத்திலோ வாய்க்காலிலோ தலைகீழாகப் பாய்வது. துடுப்பாட்டத்திலும் ஆபத்து உண்டு. 2014 நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸின் கழுத்தில் பந்து பட்டு, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்தது. இரண்டு நாட்களில் அவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 25.

விழுந்தவருக்குப் பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்து எலும்பு உடைந்ததாகவே எண்ணி நடவுங்கள்:

- கழுத்தின் பின்புறம் நடு எலும்பில் நோ
- கை அல்லது காலில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பலமின்மை
- மூச்செடுக்கச் சிரமம்
- தன்னை அறியாமல் சிறுநீர் போதல்
- மயக்கம், குழப்பமான பேச்சு, திரும்பத் திரும்ப வாந்தி

முதலில் ஒருவர் அவரது தலைமாட்டில் முழங்காலில் இருந்து, இரு கைகளாலும் தலையைக் கிடக்கும் நிலையிலேயே அசையாமல் பிடிக்க வேண்டும். இழுக்கவோ நேராக்கவோ கூடாது. "தம்பி, தலையை ஆட்டாதை, வாயால பதில் சொல்லு" என்று சொல்லி, எங்கே நோகிறது என்று கேளுங்கள். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்கட்டும். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். தலையணை வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம், ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம். தலைக்கவசம் அணிந்திருந்தால், மூச்சுக்குத் தடையாக இல்லாதவரை அதைக் கழற்ற வேண்டாம்.

மூச்சு நின்றுவிட்டால் கழுத்தைவிட உயிரே முக்கியம். மல்லாக்காகக் கிடத்தி உடனடியாக நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்குற்றியை உருட்டுவதுபோல் நாலைந்து பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். தலையைப் பிடித்திருப்பவரே எண்ணிச் சொல்ல வேண்டும்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இன்னொரு விடயம். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனையின் காந்தம் சில உலோகத் துண்டுகளை நகர்த்தவோ சூடாக்கவோ கூடும். பழைய காயத்தால் ஏற்கனவே கை விறைப்பவர்கள், விழுந்த பின் வரும் புதிய விறைப்பைப் "பழைய வருத்தம்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல், கழுத்துப் பக்கத் தசை மட்டும் நோகிறதென்றால் அது பெரும்பாலும் சுளுக்கு. முதல் இரண்டு நாட்களுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பரசிற்றமோலை அளவோடு எடுக்கலாம். நோ பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெதுவாக அசைப்பது நல்லது. நாட்கணக்கில் பட்டி போட்டுக் கட்டி வைத்தால் கழுத்து இறுகிவிடும். எண்ணெய் பூசி அழுத்தி உருவுவதும், நெட்டி முறிப்பதும் வேண்டாம். நோ கூடினாலோ, கைக்கு இறங்கினாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். நோவின்றி இரு பக்கமும் திரும்பவும், மேலும் கீழும் பார்க்கவும் முடிந்த பிறகே மைதானத்துக்குத் திரும்பலாம்.

விளையாட்டுக் கழகங்களிடமும் பாடசாலைகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த போட்டி தொடங்க முன்னர், ஒருவர் விழுந்தால் தலையைப் பிடிப்பவர் யார், 1990 இற்கு அழைப்பவர் யார், கூட்டத்தை விலக்குபவர் யார் என்று மூன்று பேரைத் தீர்மானித்து வையுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.