விரிசலை வளைத்துவிடும் சூடு

டைட்டானியத்தோடு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம்தான் டைட்டானியக் கலப்புலோகங்களிலேயே விமானத் துறையில் மிக அதிகமாகப் புழங்குகிறது. இதன் தூளை லேசர் கற்றையில் உருக்கி, ஏடு ஏடாகப் படியவைத்தே உதிரிபாகம் செய்துவிடலாம். பெரிய கட்டியைக் கடைந்து, பாதிக்கு மேல் சீவலாகக் கழிக்க வேண்டியதில்லை. இவ்வளவு விலையுள்ள உலோகத்தில் அது சின்ன லாபமல்ல.

சிக்கல் குளிரும் வேகத்தில் இருக்கிறது. லேசர் உண்டாக்கும் உருகுகுட்டை மிகச் சிறியது. அடியிலுள்ள உலோகம் அதன் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். உயர்வெப்பத்தில் நிலவும் பீட்டா அமைப்பு நிதானமாகப் பிரிய அவகாசமின்றி, ஊசி ஊசியான மார்ட்டன்சைட்டாக இறுகிப்போகிறது. வலிமை ஏறுகிறது, விரிசலைத் தாங்கும் தன்மை குறைகிறது. வலிமை எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

சார்ப்பி சோதனையில் இது கண்ணுக்கே தெரியும். 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டு. நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஊசல் சுத்தியல் அதை உடைத்துவிட்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ, அந்த அளவுக்குத் துண்டு குறைந்த ஆற்றலையே விழுங்கியிருக்கிறது. எளிதில் முறிந்த துண்டின் முகம் தட்டையாக இருக்கும். தாங்கி நின்று முறிந்தது மங்கலாக, நார்நாராக, ஓரங்களில் பிதுங்கியிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்ப்பது உலை. 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு உள்ளே தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். 800 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மார்ட்டன்சைட் சிதைந்து, ஆல்ஃபா என்ற இன்னோர் அமைப்பின் தகடுகளும் அவற்றின் இடையில் மெல்லிய பீட்டாவுமாகப் பிரியும். சூடு கூடக்கூடத் தகடுகள் தடிக்கும். இனி விரிசல் நேராக ஓட முடியாது. தகட்டுக்குத் தகடு திரும்பி, வளைந்து, கிளைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் ஆற்றலைத் தின்னும். வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கும் பலன் இது.

சுமார் 995 டிகிரியைத் தாண்டினால் உலோகம் முழுக்கப் பீட்டாவாகிறது. படிய வைத்த திசையில் தூண்போல வளர்ந்திருந்த பழைய படிக மணிகள் அழிந்து, பருத்த மணிகள் உருவாகின்றன. மெதுவாகக் குளிர்ந்தால் தகடுகள் பெரிய கூட்டங்களாக அடுக்கிக்கொள்ளும். விரிசலின் பாதை இன்னும் கோணலாகும். ஆனால் நீளும் தன்மையும், திரும்பத் திரும்ப விழும் சுமையைத் தாங்கும் ஆயுளும் அடிபடும். அதனால் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேயே நிறுத்துகிறார்கள்.

நுண்துளைகள் இருந்தால் வெறும் சூடு போதாது. சுமார் 920 டிகிரியில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் அமுக்கி அவற்றை மூடுகிறார்கள். எந்த உலையானாலும் காற்று புகக் கூடாது: சூடான டைட்டானியம் ஆக்சிஜனை உறிஞ்சி, மேற்பரப்பில் நொறுங்கும் தோலொன்றை வளர்க்கும். அது உருவாகிவிட்டால் சீவி எடுத்த பிறகே பாகத்தைப் பூட்ட வேண்டும்.