படம் வரையும் முன் பட்டாவைப் படிப்போம்

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் தந்தை, ஊழியர் சேமநிதிப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்ட விரும்பினார். "கட்டடக்கலை படிக்கிறாயே, நீயே படம் வரைந்து கொடு" என்றார். நான் முதலில் நிலப்பட்டாவின் நகலைக் கேட்டேன்.

அதில் 'பெர்தானியான்' என்றிருந்தது. அதாவது விவசாய நிலம். தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என 3 வகையாகப் பிரிக்கிறது. விவசாய நிலத்தில் நினைத்தபடி கட்ட முடியாது. வகையை மாற்ற 124ஆம் பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு மாநில அரசின் கையில். ஒப்புதல் கிடைத்தால் பிரீமியமும் கட்ட நேரிடும்.

அத்துடன் முடிவதில்லை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி தயாராகும் உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்புப் பகுதிதானா என்று ஊராட்சி மன்றத்தில் பார்க்க வேண்டும். சாலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, எத்தனை மாடி எழுப்பலாம் என்பதையும் அங்கேதான் கேட்டறிய வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தந்தை முன்பணம் கட்டவில்லை. இப்போது கட்டட வகை நிலம் தேடுகிறோம்.

பட்டாவின் சட்ட மலாய் நம் பெற்றோர் பலருக்குப் புரிவதில்லை. பள்ளியில் மலாய் படித்த நாம், அவர்கள் கையெழுத்திடும் முன் அதை வாசித்துச் சொல்லலாமே!