ஆம்ஸ்டர்டாம் மிதிவண்டி நகரமான வரலாறு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரைப் படங்களில் காண்போர், அங்குள்ள மக்கள் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள் என்று எண்ணுவதுண்டு. நிலம் சமதளம், நகரம் சிறியது, ஆகவே ஓட்டுகிறார்கள் என்று காரணமும் சொல்லிவிடுகிறோம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் அந்நிலம் சமதளமாகத்தான் இருந்தது. ஆயினும் அன்று அந்நகரத் தெருக்களில் மிதிவண்டி அருகிக்கொண்டே வந்தது. அது மீண்ட கதையை ஒரு மருத்துவமனை இதழில் எழுதக் காரணம் உண்டு. சாலையில் மாண்ட குழந்தைகளின் பொருட்டு எழுந்த குரல் அந்த மீட்சிக்குப் பெருங்காரணமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டி வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்தது. விலை குறையவே தொழிலாளரும் எழுத்தரும் மாணவரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1920களிலும் 30களிலும் தெருக்களை நிறைத்தது அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையினர் மக்களின் மிதிவண்டிகளைப் பறிமுதல் செய்தனர்.

போருக்குப் பின் செல்வம் பெருகிற்று, கார்கள் பெருகின. கார்களுக்கு இடம் வேண்டி, நகரின் புகழ்பெற்ற கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கலாம் என்று 1954இல் காவல்துறைத் தலைவரே திட்டம் கொடுத்தார். 1967இல் டேவிட் யோக்கினென் என்ற அமெரிக்கர், பழைய குடியிருப்புகளை இடித்து நகருக்குள் நெடுஞ்சாலை கொண்டுவர யோசனை கூறினார். இவ்விரண்டும் நிறைவேறவில்லை. ஆனால் பல தெருக்கள் அகலமாயின, பல வீடுகள் இடிந்தன, மிதிவண்டியில் செல்வோர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1965இல் ‘புரோவோ’ என்ற இளைஞர் குழு, வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளை எவரும் எடுத்து ஓட்டலாம் என்று தெருவில் விட்டது. பூட்டாத வண்டியைத் தெருவில் நிறுத்துவது சட்டத்துக்குப் புறம்பு என்று காவலர் அவற்றை எடுத்துச் சென்றுவிட்டனர்!

1971ஆம் ஆண்டில் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. அதே பெயரில் பெற்றோர் இயக்கம் ஒன்று எழுந்தது. ‘விபத்து’ என்ற சொல்லை விலக்கி அவர்கள் ‘கொலை’ என்றதை நாம் கவனிக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் குடும்பத்தார் ‘விதி’ என்று சொல்வதை நாங்கள் கேட்கிறோம். துயரைத் தாங்க அச்சொல் உதவுகிறது. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சாலை அமைப்போரும் அதே சொல்லுக்குப் பின் ஒளிந்துகொள்வதே கேடு.

ஆம்ஸ்டர்டாமில் நெருக்கமான வீடுகள் கொண்ட டி பைப் பகுதிச் சிறுவர்கள், தாமே தெருவை மறித்து விளையாட இடம் கேட்டனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. கார் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். 1975இல் மிதிவண்டியாளர் சங்கம் தோன்றியது. 1978இல் அமைந்த புதிய நகரமன்றம் காருக்கு முதலிடம் தரும் கொள்கையை மாற்றிற்று.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பெருஞ்சாலைகளில் மிதிவண்டிக்குத் தனிப் பாதை, சந்திப்புகளில் தனி விளக்கு, காரை நிறுத்த உயர்ந்த கட்டணம் என்று பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. மோட்டார் வாகனம் மோதி 14 வயதுக்குட்பட்ட குழந்தை காயமுற்றால், குழந்தை கவனமின்றி ஓடிவந்தது என்று சொல்லி வாகனத் தரப்பினர் பொதுவாக இழப்பீட்டைக் குறைத்துவிட முடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2023 டிசம்பரில் நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நினைத்தால் இதன் பயன் விளங்கும்.

அங்கே பலர் தலைக்கவசமின்றி ஓட்டுகின்றனர். தனிப் பாதை இல்லாத நம் சாலைகளில் அதைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கும் இடர் தீர்ந்தபாடில்லை: 2022இல் நெதர்லாந்தில் சாலையில் இறந்த 700க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 290 பேர் மிதிவண்டியில் சென்றோர், அவர்களுள் முதியோர் மிகுதி. மின்சார மிதிவண்டியின் வேகமும் முதுமையில் எலும்பின் மென்மையும் அங்குள்ள மருத்துவர்களின் இன்றைய கவலைகள்.

அந்நாட்டு வழக்கம் ஒன்றை மட்டும் இன்றே நாம் கைக்கொள்ளலாம். காரிலிருந்து இறங்கும்போது, கதவை ஒட்டிய கையால் திறவாமல் மறு கையை நீட்டித் திறக்க வேண்டும். வலப்பக்கம் அமர்ந்திருப்பவர் இடக்கையாலும், இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் வலக்கையாலும் திறப்பார். அப்போது உடல் தானே திரும்பும். பின்னால் வரும் மிதிவண்டி கண்ணில் படும். தோளிலோ கழுத்திலோ வலி உள்ளவர்கள் இவ்வாறு திரும்பாமல், உடன் வருபவரைப் பின்புறம் பார்த்துத் திறந்துவிடச் சொல்லலாம்.