ஊதா நிறம் காட்டிக்கொடுக்கும் நஞ்சு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் சாவுகள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள். அதற்கு நிறம் கிடையாது. வாடையை வைத்து வழக்கமான சாராயமான எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. குடிப்பவருக்குப் புலப்படாத அதை ஒரு சோதனைக்குழாய் காட்டிவிடும்.

தஞ்சாவூரில் உள்ளதுபோன்ற வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகங்களுக்குச் சாராய மாதிரிகள் வருகின்றன. இந்தத் துறையின் வேர், 1849இல் சென்னையில் தொடங்கிய அரசு வேதிப் பரிசோதகர் ஆய்வகம். இன்று வாயு வண்ணப்பிரிகை (gas chromatography) கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எளிய நிறச் சோதனையின் மதிப்பு குறையவில்லை.

மாதிரியை வாலையில் வடித்து, பாஸ்பாரிக் அமிலத்தோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சேர்ப்பார்கள். மெத்தனால் ஃபார்மால்டிஹைடாக மாறும். மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் நிறமே ஆளை ஏமாற்றிவிடும் என்பதால், சோடியம் பைசல்பைட்டை விட்டு அதைப் போக்கிவிட வேண்டும். பிறகு குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம் எழும். எத்தனால் இதே வழியில் அசிட்டால்டிஹைடு ஆகிறது. அது இந்த ஊதாவைத் தராது. பெருமளவு எத்தனாலுக்குள் ஒளிந்திருக்கும் கொஞ்சம் மெத்தனாலும் பிடிபடுவது இதனால்தான்.

மெத்தனால் கூடக்கூட ஊதாவும் அடர்த்தியாகும். நெற்பயிருக்கு யூரியா போடும் முன் இலை வண்ண அட்டையில் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிறாரே டெல்டா விவசாயி, அதே முறைதான். இங்கே கண்ணுக்குப் பதில் நிறமானி. சுமார் 575 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால் விழுக்காடு கிடைத்துவிடும்.

என்னை உலுக்குவது வேறொன்று. குழாயில் பெர்மாங்கனேட் செய்வதையே உடம்பில் கல்லீரலின் நொதி செய்கிறது. அங்கே உண்டாகும் ஃபார்மால்டிஹைடு உடனே ஃபார்மிக் அமிலமாகிறது. அது தேங்கி, பார்வை நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. ஆய்வகத்தில் உண்மையைக் காட்டும் வினையே உடம்பில் உயிரைப் பறிக்கிறது. ஃபோமெபிசோல் மருந்து அந்த நொதியைத் தடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றுகிறது.

மெத்தனால் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட, பெரிய அறிகுறி தெரியாது. அந்த நேரம்தான் உயிர் பிழைக்கக் கிடைக்கும் வாய்ப்பு. சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதைப் போலீஸ் பயத்தில் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.